கொடுக்காத விலை

பாருங்க தம்பி, தாராளமாப் பாருங்க. பக்கத்து சீட்டுலருந்து ஓரக்கண்ணால பார்த்தா கழுத்துதான் வலிக்கும். இந்தாங்க, கையில வாங்கிக்கங்க. அட்டையில யானை கோட்டுப் போட்டு நிக்கிதேன்னுதானே பார்த்தீங்க? அது தீப்பெட்டி லேபிள். நம்ம தாத்தா காலத்துத் தீப்பெட்டி மேல ஒட்டினது. புத்தகத்துப் பேரு 'பழைய தீப்பெட்டி லேபிள் விலைக் கையேடு'. கீழ சின்ன எழுத்துல தொகுப்பாசிரியர் மரகதவேல்னு போட்டிருக்கா? அது நான்தான்.

அந்தப் பென்சில் கோடா? அதைத்தான் எல்லாரும் கேக்கிறாங்க. அச்சடிச்ச விலையை அடிச்சுப் பக்கத்துல புது விலை எழுதியிருக்கேன். அடுத்த பதிப்புக்குத் திருத்தம். முழுப் பக்கமும் விலை இறங்கியிருக்கேன்னு பார்க்கிறீங்க. ஐம்பதாயிரம் இருந்த இடத்துல எண்ணூறு. அதுக்கு நான் பொறுப்பில்லை, அதை முதல்லயே சொல்லிடுறேன். நான் விலை வைக்கிற ஆள் இல்லை, விலையை எழுதுற ஆள். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாத்தூர்ல ஒருத்தனுக்குப் புரியலை. அவனுக்குப் புரியாததனால நான் ஒரு வருசமா ஒழுங்காச் சாப்பிடலை.

அவன் பேரு பூசைக்கனி. ஒண்ணாங் கிளாசுலருந்து எனக்குச் சிநேகிதன். அவங்க அப்பா லேபிள் ஏஜெண்ட். சிவகாசி பிரஸ்ல லேபிள் அடிச்சு, சுத்துப்பட்டுல இருக்கிற தீப்பெட்டி ஆபீசுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில். ஆபீசுன்னா ஆபீசு இல்லை தம்பி, ஃபேக்டரிதான். எங்க பக்கம் அப்படிச் சொல்லுவோம். அடிக்கிற ஒவ்வொரு படத்துலயும் மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து ஆல்பத்துல வைப்பார், முதலாளிமாருக்குக் காட்டறதுக்கு. குடை பிடிச்ச மயில், சைக்கிள் ஓட்டுற முயல், இந்தக் கோட்டுப் போட்ட யானை. அவர் செத்தப்போ பீரோ நிறைய ஆல்பம் இருந்துச்சு.

பூசைக்கனி அதை விடலை. அப்பாவோட கடைவீதிக் கட்டடத்துலயே கீழ கடை போட்டு நோட்டு, பேனா, கலர் பேப்பர் விக்கிறான். மாடியில குடியிருப்பு. வியாபாரம் சுமார்தான். ஆனா ஊர் ஊராப் போய் லேபிள் சேர்த்தான். பழைய தீப்பெட்டி ஒண்ணு கிடைச்சாப் போதும், தண்ணியில ஊறப்போட்டு, லேபிள் தானாப் பிரிஞ்சு மிதக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பான். அவசரப்பட்டு உரிச்சா கிழிஞ்சிரும். கடையில ஆள் வந்து ஒரு குயர் நோட்டுன்னு கத்திக்கிட்டு இருப்பான், இவன் அசைய மாட்டான். அவன் சம்சாரம் எஸ்தர் ஓடிவந்து வியாபாரத்தைப் பார்க்கும். அதை நான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன்.

சரி, எனக்கு இது எப்படி ஒட்டிக்கிச்சுன்னு கேக்கணுமே நீங்க. நான் சர்க்கார்ல தராசு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். கடை கடையாப் போய் எடைக்கல்லைச் சோதிச்சு முத்திரை போடுற உத்தியோகம். புளிக்கடை, நகைக்கடை, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். கல்லு சரியா இருந்தா முத்திரை, இல்லைன்னா கேஸ். அந்தப் புத்தி இன்னும் போகலை. ஒரு பொருள்னு இருந்தா அதுக்கு ஒரு அளவு இருந்தாகணும். இல்லைன்னா எனக்குக் கை அரிக்கும்.

மதுரையில லேபிள் சேர்க்கிறவங்க கூட்டம் நடக்கும். ஒரு தடவை பூசைக்கனி என்னையும் இழுத்துக்கிட்டுப் போனான். போய்ப் பார்த்தா ஒருத்தரும் காசு கொடுத்து வாங்கலை தம்பி. எல்லாம் மாத்திக்கிறதுதான். உன் முயலைக் கொடு, என் மயிலை எடுத்துக்கோ. அரை டிராயர் போட்ட பிள்ளைங்க மாதிரி வேட்டி கட்டின ஆளுங்க. அன்னைக்குப் பம்பாய்லருந்து வந்த ஒருத்தர், 'இதுக்கு என்ன விலை'ன்னு ஒரு லேபிளைத் தூக்கிக் காட்டிக் கேட்டார். ஒருத்தருக்கும் தெரியலை. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. இத்தனை பேர் இத்தனை வருசமா ஒரு பொருளைக் கட்டிக் காப்பாத்துறாங்க, அதுக்கு என்ன விலைன்னு ஒருத்தனுக்குத் தெரியலைன்னா அது என்ன பொழப்பு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், விலைப் புத்தகம் நான் போடுறேன்னு.

போடுறேன்னு சொல்லிட்டேன். விலைக்கு எங்க போக? வித்தாத்தானே விலை. யாரும் விக்கிறதில்லை. அதனால ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போறது. இந்த லேபிளை எவ்வளவு கொடுத்தாக் கொடுப்பீங்கன்னு கேக்கிறது. அவங்க வாயால சொல்றதை எழுதிக்கிறது. இதுல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க. உடைமைக்காரனை விட அந்தப் பொருளோட மதிப்பு யாருக்குத் தெரியும்?

முதல் வீடு பூசைக்கனி வீடு. குடை பிடிச்ச மயிலைக் காட்டி, "இதை எவ்வளவுக்குக் கொடுப்பேலே?"ன்னேன்.

"கொடுக்க மாட்டேன்."

"அது தெரியும். எவ்வளவு கொடுத்தாக் கொடுப்பே?"

"ஏலே, கொடுக்க மாட்டேங்கிறேன்ல."

"கட்டத்துல கொடுக்க மாட்டேன்னு எழுத முடியாது. நம்பர் வேணும்."

அவன் சிரிச்சான். எஸ்தர் தங்கச்சி அப்பத்தான் காப்பி கொண்டுவந்து வச்சுச்சு. "சரிலே, பத்தாயிரம்னு போட்டுக்கோ. எவன் வந்து கேக்கிறான்னு பார்த்துருவோம்"னான். போட்டேன். இப்படியே பீரோ முழுக்கக் கேட்டு எழுதினேன். முயலுக்கு ஒண்ணு, யானைக்கு ஒண்ணு. பிடிச்ச லேபிள்னா அவன் நம்பரைக் கூட்டிச் சொல்லுவான். ரொம்பப் பிடிச்சதுன்னா கையால மூடிக்குவான், அப்புறம் ஒரு பெரிய நம்பராச் சொல்லுவான்.

வருசா வருசம் திருத்தம் போடணும்ல. பழைய புத்தகத்தை எடுத்துக்கிட்டு மறுபடி போவேன். "ஏலே மரகதம், போன வருசம் பத்துக்கே கொடுக்கலை, இந்த வருசம் கொடுப்பனா? இருபது போடு"ம்பான். போடுவேன். அடுத்த வருசம் முப்பது. மத்த வீடுகள்லயும் அப்படித்தான். ஒருத்தர் இருபதுன்னா இன்னொருத்தர் ரோசத்துல இருபத்தஞ்சும்பார். அதையெல்லாம் வாங்கி, ஒட்டாத லேபிளுக்கு முழு விலை, ஒட்டிப் பிரிச்சதுக்குப் பாதி, மூலை கிழிஞ்சதுக்குக் கால்னு நான் தரம் பிரிச்சேன். அந்தத் தரப் பட்டியல் மட்டும் நாலு பக்கம். பார்த்துக்கங்க, கடைசியில இருக்கு. அதுல ஒரு குறை ஒருத்தரும் சொன்னதில்லை. புத்தகத்தோட முதல் பக்கத்துல நன்றின்னு போட்டு அவன் பேரை எழுதியிருக்கேன், எல்லாப் பதிப்புலயும்.

இப்படிப் போயிக்கிட்டிருந்தது. நல்லாத்தான் போயிக்கிட்டிருந்தது. அப்பத்தான் அவன் தம்பி தவமணி திருப்பூர்லருந்து வந்து இறங்கினான்.

தவமணி பனியன் கம்பெனி வச்சிருக்கான். கடன் நெருக்குது. அப்பா சொத்தைப் பிரிச்சுக் கொடுன்னு அண்ணன்கிட்ட வந்து நின்னான். சொத்துன்னா என்ன, அந்தக் கடைவீதிக் கட்டடம், பேங்குல கொஞ்சம் பணம், அவ்வளவுதான். பூசைக்கனி என்ன நினைச்சான்னா, கட்டடத்தை நான் வச்சுக்கிறேன், பணத்தை நீ எடுத்துக்கோ, மிச்சத்துக்கு மாசாமாசம் கொடுத்துடுறேன்னு. தம்பி ஒத்துக்கலை. எங்க ஊர்ல கோர்ட்டுக்குப் போறதுக்கு முந்தி உறவின்முறைப் பெரியவங்ககிட்டப் போவாங்க. அவங்க உட்கார்ந்து பேசி ஒரு வார்த்தை சொன்னா, அதுதான் முடிவு. மீறினவன் நல்லது கெட்டதுக்கு ஊர்ல தலைகாட்ட முடியாது.

பெரியவங்க முன்னாடி தவமணி ஒரு பையிலருந்து எதை எடுத்து வச்சான்னு நினைக்கிறீங்க? என் புத்தகத்தை. அந்த வருசத்துப் பதிப்பு. பக்கத்துக்குப் பக்கம் கலர் கலரா நூல் போட்டு அடையாளம் வச்சிருக்கான். அப்பா விட்டுட்டுப் போனதுல அண்ணன் ஒரு சொத்தை மறைக்கிறார், பீரோவுல இருக்கிற லேபிளோட மதிப்பு கட்டடத்தைவிடக் கூட வருது, புத்தகத்துலயே அச்சடிச்சிருக்குன்னான். எனக்குக் கட்டடம் போதும், அண்ணன் உசிரையே வச்சிருக்கிற லேபிளை அண்ணனே வச்சுக்கட்டும், பேங்குல இருக்கிற பணத்துலயும் பாதி எடுத்துக்கட்டும்னான். எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. பெரியவங்களுக்கும் அது நியாயமாப்பட்டுச்சு. இருந்தாலும் ஒரு தடவை புத்தகம் போட்டவரைக் கூப்பிட்டு விசாரிச்சிருவோம்னு எனக்கு ஆள் அனுப்பினாங்க.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில பூசைக்கனி பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தான். வந்தவன் உட்காரலை. செருப்பைக்கூடக் கழட்டலை.

"ஏலே, நாளைக்கு உன்கிட்டக் கேப்பாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது வித்த விலை இல்லை, நான் கொடுக்க மாட்டேன்னு சொன்ன வார்த்தைன்னு சொல்லிரு. அது போதும்."

நான் 'ம்'னேன்.

கவனிச்சுக்கங்க தம்பி, நான் சரின்னு சொல்லலை. 'ம்'னுதான் சொன்னேன். 'ம்'னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். ஒரு மனுசன் காலையில பல்லு விளக்கிட்டு நிக்கிறப்போ வந்து ஒண்ணு சொன்னா, 'ம்'னு சொல்லாம வேற என்ன சொல்றது? அவன் அதையே பிடிச்சுக்கிட்டுச் சிரிச்ச முகமாப் போயிட்டான். போறப்போ வாசல்ல நின்னு, "நாளைக்குச் சாயங்காலம் வாலே, எஸ்தர் பணியாரம் சுடுறா"ன்னான்.

மறுநாள் உறவின்முறை மண்டபத்துல எனக்குத் தனியா ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க. பெரியவங்க மூணு பேர். நடுவுல உட்கார்ந்திருந்தவர் அருளானந்தம் அண்ணாச்சி, பெரிய எண்ணெய் வியாபாரி. நான் சர்வீஸ்ல இருந்தப்போ அவர் கடைத் தராசுக்கு நானே முத்திரை போட்டிருக்கேன். அவர் என் புத்தகத்தை மடியில வச்சு ஒவ்வொரு பக்கமாத் திருப்பிக்கிட்டிருக்கார். தரப் பட்டியலைக்கூட வாசிச்சார் தம்பி. இத்தனை வருசத்துல லேபிள்காரங்க தவிர வெளியாள் ஒருத்தர் அந்தப் பட்டியலை வாசிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான். "ரொம்ப உழைச்சிருக்கீங்க இன்ஸ்பெக்டரய்யா"ன்னார். அங்க இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க.

பூசைக்கனி எந்திரிச்சு, "அண்ணாச்சி, அதுல இருக்கிற விலையெல்லாம் நான் விளையாட்டாச் சொன்னது. கொடுக்க மனசில்லாம வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த விலைக்கு ஒரு லேபிள்கூட இதுவரைக்கும் போனதில்லை"ன்னான்.

அருளானந்தம் அண்ணாச்சி அவனைப் பார்த்து, "விலையே இல்லாததையா தம்பி இத்தனை வருசம் பீரோவுல பூட்டி வச்சிருந்தே?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் என்னைப் பார்த்தான்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டரய்யா, இந்தப் புத்தகத்துல இருக்கிற விலை சரியான விலையா, இல்லை விளையாட்டா?"

இப்ப நீங்க சொல்லுங்க தம்பி. நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க? என் புத்தகம். நான் கையில எடுத்துக் கொண்டுபோய் வித்த புத்தகம். அது விளையாட்டுன்னு நான் எப்படி என் வாயால சொல்றது? அவன் சொன்ன நம்பரைத்தான் நான் எழுதினேன். ஒரு நம்பரைக்கூட நானாப் போடலை. எழுதினது சரியா தப்பான்னு கேட்டா, சரிதான். கல்லு என்ன எடை காட்டுதோ அதைத்தானே சொல்ல முடியும். நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன்: "அண்ணாச்சி, இதுல இருக்கிற ஒவ்வொரு விலையும் உடைமைக்காரர் தன் வாயால சொன்னது. புத்தகம் சரியான புத்தகம்."

அவ்வளவுதான் சொன்னேன். பொய் ஒரு வார்த்தை கிடையாது. வேணும்னா இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்னு என் சம்சாரம் சொல்றா. அவளுக்கு என்ன, வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு எது வேணும்னாலும் சொல்லலாம். கேட்டதுக்குப் பதில் சொல்லணும், கேக்காததைச் சொல்லக்கூடாது, சர்வீஸ்ல அதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. முடிஞ்சதும் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கலை. என்ன செய்ய முடியும்?

அன்னைக்குச் சாயங்காலம் பணியாரத்துக்கு நான் போகலை. போறது சரியா இருக்காதுன்னு தோணுச்சு.

கட்டடம் தவமணிக்குப் போச்சு. அவன் அதை உடனே ஒரு செல்போன் கடைக்காரருக்கு வித்துட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான். பூசைக்கனி மாடியைக் காலி பண்ணிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல வாடகைக்குப் போனான். கடை இல்லை. இருந்த நோட்டு, பேனாவையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிட்டான். பேங்குப் பணம் மகள் காலேஜ் படிப்புக்கே போயிருச்சு. சரி, பீரோ நிறைய லேபிள் இருக்குல்ல, கொஞ்சம் வித்து ஒரு சின்னக் கடை போடலாம்னு அவன் ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு மதுரைக் கூட்டத்துக்கு வந்தான்.

நானும் அங்க இருந்தேன். ஒரு ஓரமா மேசை போட்டுப் புத்தகம் விப்பேன். எனக்கு நேர் எதிர் மேசை அவனுது. என்னைப் பார்த்தான். ஆல்பத்தைத் திறந்து வச்சான். விற்பனைக்குன்னு ஒரு அட்டையில எழுதி முன்னாடி நிறுத்தினான். மண்டபமே அவன் மேசையில கூடிருச்சு தம்பி. அவனோட மயிலை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வருசக்கணக்காக் கெஞ்சினவங்க எல்லாம் அங்க நின்னாங்க.

ஆனா வாங்க ஒருத்தரும் வாங்கலை.

"அண்ணாச்சி, மாத்திக்குவோமா? என்கிட்ட ரேடியோப் பெட்டி லேபிள் ரெண்டு இருக்கு"ம்பாங்க. "இல்லைங்க, காசுக்குத்தான்"ம்பான் இவன். உடனே அவங்க கையை எடுத்துக்குவாங்க. ஒருத்தர் என் மேசைக்கு வந்து புத்தகத்தை வாங்கிக்கிட்டு, அவன்கிட்டப் போய் அந்த விலையைக் காட்டி, "அண்ணாச்சி, இது புத்தகத்துக்கு எழுதின விலை, நமக்குள்ள என்ன"ன்னு சொல்லி நூறு ரூபா நோட்டு ஒண்ணை நீட்டினார். எல்லாருக்குமே தெரியும் தம்பி, அது கொடுக்க மாட்டேன்கிற விலைன்னு. அவங்களும் அப்படித்தானே எனக்குச் சொன்னாங்க. தெரியாதவங்க அந்த உறவின்முறை மண்டபத்துப் பெரியவங்க மூணு பேர்தான். அன்னைக்கு என் புத்தகம் நல்லாப் போச்சு. கொண்டுபோனது அத்தனையும் வித்திருச்சு. என்ன செய்யச் சொல்றீங்க, வந்து கேக்கிறவனுக்கு இல்லைன்னா சொல்ல முடியும்?

அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா அவன் வித்தான்னு கேள்விப்பட்டேன். மெட்ராஸ்லருந்து ஒரு வியாபாரி வந்து, பிடிச்சதாப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போனாராம். மயிலும் போச்சாம். அதையும் சொல்லணும்ல, மயிலை எனக்கும் ரொம்பப் பிடிக்கும்.

ஆனா பாருங்க, திருத்தம் போடுற நேரம் வந்துருச்சு. இத்தனை வருசத்துல முதல் தடவையா நிசமான விற்பனை நடந்திருக்கு. கொடுத்து வாங்கின விலை. ஒரு தொகுப்பாசிரியரா நான் அதைப் போய்க் கேக்காம இருக்க முடியுமா? கேக்காம விட்டா அப்புறம் அது என்ன விலைக் கையேடு? என் சம்சாரம் போகாதீங்கன்னா. வெக்கமா இல்லையான்னும் கேட்டா. இதுல வெக்கத்துக்கு என்ன இருக்கு, சிநேகிதன் வீட்டுக்குப் போறதுக்கு? போற வழியில ஒரு கிலோ அல்வாகூட வாங்கிக்கிட்டேன். அவன் திட்டுவான்னு தெரியும். திட்டட்டும்னுதான் போனேன். நாலு வார்த்தை திட்டினா நான் நாலு வார்த்தை சொல்லுவேன், எஸ்தர் தங்கச்சி நடுவுல வந்து ரெண்டு பேரையும் வையும், அதோட சரியாயிரும்னு நினைச்சேன். பஸ்ஸுல வர்றப்பவே என்னென்ன சொல்லித் திட்டுவான்னு யோசிச்சு, எல்லாத்துக்கும் பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன்.

சின்ன வீடு. ஒரே ரூம், பின்னாடி அடுப்படி. பீரோ உள்ள போகலைன்னு வித்துட்டாங்களாம், மிச்சம் இருந்த ஆல்பம் ரெண்டு டிரங்குப் பெட்டி மேல இருந்துச்சு. வாசல்ல நின்னு, "ஏலே பூசைக்கனி"ன்னு கூப்பிட்டேன்.

அவன் வெளிய வந்தான். என்னைப் பார்த்தான்.

"வாங்க சார்"னான்.

நான் கேலி பண்றான்னு நினைச்சேன். சிரிச்சேன். அவன் சிரிக்கலை. "உள்ள வாங்க சார், உட்காருங்க"ன்னு இருந்த ஒரே நாற்காலியைத் துண்டால துடைச்சுப் போட்டான். அவன் பாயில உட்கார்ந்தான். அல்வாவைக் கொடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கி ஓரமா வச்சான். எஸ்தர் தங்கச்சி வந்து, "வாங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. எப்பவும் அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை கூட வரும், அதைக் காணோம்.

"ஏலே, என்னலே இது சாரு மோருன்னுட்டு"ன்னேன்.

"என்ன விசயமா வந்தீங்க சார்?"

கையில புத்தகம் இருந்துச்சு. "திருத்தம் போடணும். எது எது என்ன விலைக்குப் போச்சுன்னு தெரிஞ்சா எழுதிக்குவேன்"னேன்.

சொல்ல மாட்டான், புத்தகத்தைப் பிடுங்கி எறிவான்னு நினைச்சேன். அவன் சொன்னான் தம்பி. ஒண்ணு ஒண்ணாச் சொன்னான். நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன், அவன் பதில் சொல்லிக்கிட்டே வந்தான். மயில் எண்ணூறு. முயல் முந்நூறு. யானை, மூலை கிழிஞ்சது, நாற்பது. யோசிக்கலை, கையால மூடலை, கூட்டியும் சொல்லலை குறைச்சும் சொல்லலை. நடுவுல நிறுத்தி, "எழுதிக்கிட்டீங்களா சார்?"னு கேட்டுக்கிட்டு அடுத்ததைச் சொன்னான். நான் எழுதிக்கிட்டே இருந்தேன். என் பென்சில் நிக்கலை. நிறுத்தியிருக்கலாம்னு இப்பத் தோணுது. அப்ப எனக்கு நிறுத்தத் தெரியலை.

விக்காம மிச்சம் இருந்ததுக்கு வந்தோம். ஒரு கப்பல் படம். அதை அவன் ஒருத்தருக்கும் காட்டக்கூட மாட்டான் ஒரு காலத்துல.

"இதை எவ்வளவுக்குக் கொடுப்பே?"ன்னு கேட்டேன். பழக்கத்துல வந்துருச்சு.

"எடுத்துக்கங்க சார்"னான்.

"இல்லலே, விலை என்னன்னு கேட்டேன்."

"ஒண்ணும் வேண்டாம். சும்மா எடுத்துட்டுப் போங்க. எது பிடிக்குதோ எடுத்துக்கங்க." ஆல்பத்தை என் பக்கமாத் தள்ளினான். கோபத்துல தள்ளலை. வந்த விருந்தாளிக்குத் தட்டைத் தள்ளுவோமே, அப்படித் தள்ளினான்.

நான் தொடலை. தொட முடியலை. "ஏலே, என்னைத் திட்டிரு. செருப்பால வேணும்னாலும் அடி. நான் என்ன பண்ணியிருக்கணும்னு சொல்லு"ன்னேன்.

"உங்களை எதுக்கு சார் நான் திட்டப் போறேன்? நீங்க எழுதுறவங்க. நான் சொன்னதைத்தானே எழுதினீங்க."

இது நான் சொல்ல வேண்டிய வார்த்தை தம்பி. பஸ்ஸுல வர்றப்போ நான் தயார் பண்ணி வச்சிருந்தது. அதை அவனே எடுத்துச் சொல்லிட்டான். நியாயம் என் பக்கம்னு அவனே ஒத்துக்கிட்டான்.

நான் சர்வீஸ்ல இருந்தப்போ சாத்தூர் கடைவீதியில ஜீப்புல போய் இறங்குவேன். பியூன், டிரைவர், வியாபாரிங்க எல்லாரும் நிப்பாங்க. இவன் கடையிலருந்து எட்டிப் பார்த்து, "ஏலே மரகதம், டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுப் போலே"ன்னு தெருவே கேக்கக் கத்துவான். எனக்கு மூஞ்சி செவந்துரும். ஒரு அதிகாரிங்கிற மரியாதை வேண்டாமாலேன்னு தனியாக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கேன். "உனக்கு என்னலே மரியாதை"ன்னு முதுகுல ஒரு அடி வைப்பான். ஊருக்கெல்லாம் நான் இன்ஸ்பெக்டரய்யா. அவன் ஒருத்தனுக்குத்தான் நான் ஏலே.

புத்தகத்தை மூடிக்கிட்டு, "அப்ப நான் வரட்டாலே?"ன்னு கேட்டேன். இருலே, காப்பி குடிச்சிட்டுப் போலேன்னு சொல்ல மாட்டானான்னு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொல்லலை. நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சேன்.

அவனும் பாயிலருந்து எந்திரிச்சான் தம்பி. முட்டியில கையை ஊணி, மெதுவா எந்திரிச்சு, மடிச்சுக் கட்டியிருந்த வேட்டியை எனக்காக இறக்கிவிட்டான். இறக்கிவிட்டுட்டு, கையைக் கூப்பி, "போயிட்டு வாங்க சார்"னான்.